தொண்டை கட்டுவதற்கு முன் எடுக்கும் கணக்கு

தொண்டை கட்டிக்கொண்டால் நம் பக்கத்தில் முதல் குற்றவாளி ஐஸ் தண்ணீர். அடுத்தது தயிர். அதற்கடுத்து மார்கழிப் பனி. தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், எங்கே விசாரித்தாலும் இதே பட்டியல்தான். "நேத்து எவ்வளவு நேரம் பேசுனீங்க? எந்தச் சத்தத்துக்கு நடுவுல பேசுனீங்க?" என்று யாரும் கேட்பதில்லை. முழங்கால் வலி என்று ஒருவர் வந்தால் எவ்வளவு தூரம் நடந்தீர்கள் என்று உடனே கேட்கிறோம். நடந்த தூரம் கண்ணுக்குத் தெரிகிறது. குரல் நாண் ஓடிய தூரம் தெரிவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தத் தூரத்தையும் அளக்கலாம். வகுப்பெடுக்கும் ஆசிரியர், கோயிலில் தேவாரம் பாடும் ஓதுவார், மீன் ஏலம் விடுபவர், டவுன் பஸ் நடத்துநர், கட்சி மேடைப் பேச்சாளர், சங்கீதம் சொல்லித் தருபவர் என்று குரலை வைத்துப் பிழைக்கிற எல்லாரும் வீட்டிலேயே எடுக்கக்கூடிய அளவுகளும் இருக்கின்றன.

குரல்வளைக்குள் இரண்டு மடிப்புகள் இருக்கின்றன. அவைதான் குரல் நாண்கள். பேசும்போது காற்று அவற்றைத் தள்ளித் திறக்கிறது, அவை மறுபடி வந்து ஒட்டுகின்றன. சாதாரணப் பேச்சில் ஆணுக்கு விநாடிக்கு ஏறக்குறைய 110 முதல் 130 தடவை, பெண்ணுக்கு 190 முதல் 220 தடவை இப்படித் திறந்து மூடும். ஒவ்வொரு தடவையும் இரண்டு பக்கமும் மோதிக்கொள்கின்றன. சத்தமாகப் பேசினால் மோதல் பலமாகும், சுருதி ஏறினால் மோதல் எண்ணிக்கை கூடும். நாணின் அதிரும் பகுதியில் நடுமையத்தை ஒட்டித்தான் வீச்சும் மோதலும் அதிகம். ஆசிரியர்களுக்கு வரும் காய்ப்பு பெரும்பாலும் அங்கேயே உட்காருவதற்கு அதுதான் காரணம். மண்வெட்டி பிடித்த உள்ளங்கையில் எந்த இடத்தில் காய்ப்பு வருகிறது என்று பார்த்தவருக்கு இதைப் பற்றி அதிகம் விளக்க வேண்டாம்.

இங்கோ டீட்சே என்ற குரல் விஞ்ஞானியும் உடன் வேலை செய்தவர்களும் 2003-ல் இதற்கு ஒரு கணக்கு முறை வகுத்தார்கள். நாண் மொத்தம் எத்தனை விநாடி அதிர்ந்தது என்பது நேர அளவு. எத்தனை தடவை அதிர்ந்தது என்பது சுற்று அளவு. முன்னும் பின்னும் போய்வந்ததில் மொத்தம் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பது தூர அளவு. திசுவில் வெப்பமாகக் கரைந்த ஆற்றலுக்கும் ஓர் அளவு உண்டு, ஆனால் அது வீட்டில் எடுக்க முடியாத சமாச்சாரம். மற்ற மூன்றும் பெருக்கல் தெரிந்தால் போதும்.

ஒரு மணி நேர வேலையில் நாண் அதிர்வது 30 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஊகமாக எடுத்த எண் இல்லை இது. அமெரிக்காவில் 57 ஆசிரியர்களின் கழுத்தில் அளவுகருவியை இரண்டு வாரம் ஒட்டி வைத்து ஹன்டரும் டீட்சேயும் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், பள்ளி நேரத்தில் வந்த சராசரி 30 சதவீதம். பள்ளிக்கு வெளியே அதில் பாதிகூட வரவில்லை. ஒரு மணிக்கு 30 சதவீதம் என்றால் 1,080 விநாடி. பெண் ஆசிரியரின் சுருதி 200 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 200 அதிர்வு என்றால் 2,16,000 சுற்று. ஆண் ஆசிரியர் 120 ஹெர்ட்ஸில் பேசினால் அதே பாடத்துக்கு, அதே நேரத்துக்கு 1,29,600 சுற்றுதான். பெண் ஆசிரியர்களுக்கு மட்டும் ஏன் அடிக்கடி தொண்டை போகிறது என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இந்தப் பெருக்கலிலேயே கிடைத்துவிடுகிறது. உடம்பு பலவீனம், சத்துக் குறைவு என்று பேசுவதற்கு முன்னால் இதைப் போட்டுப் பார்க்கலாம்.

40 நிமிடப் பீரியட் ஐந்து என்றால் 7,20,000 சுற்று. ஒவ்வொரு பக்க நாணும் நடுநிலையிலிருந்து அரை மில்லிமீட்டர் விலகுகிறது என்று கொண்டால் ஒரு சுற்றுக்கு நகரும் தூரம் 2 மில்லிமீட்டர் (ஒரு பக்கம் போய்த் திரும்பி, மறுபக்கம் போய்த் திரும்ப, நாலு அரை). பெருக்கினால் 1,440 மீட்டர் வருகிறது. தீப்பெட்டியின் நீளம்கூட இல்லாத சதை ஒரே நாளில் கிட்டத்தட்ட ஒன்றரை கிலோமீட்டர் அதிர்ந்து நகர்ந்திருக்கிறது.

இந்த 30 சதவீதம் உங்களுக்கு எவ்வளவு என்று கண்டுபிடிக்க அளவுகருவி வேண்டாம், போன் போதும். ஒரு பீரியட் முழுக்கப் பதிவு செய்யுங்கள். சாயங்காலம் பதிவைத் தொடக்கத்திலிருந்து 30 விநாடிக்கு ஒரு தடவை தொட்டுக் கேளுங்கள். அந்தக் கணத்தில் உங்கள் குரல் கேட்டால் ஒரு கோடு, கேட்காவிட்டால் ஒரு புள்ளி. 40 நிமிடத்துக்கு 80 அடையாளம் வரும். அதில் 44 கோடு என்றால் நீங்கள் பேசிய நேரம் 55 சதவீதம். ஆனால் பேசிய நேரம் முழுக்க நாண் அதிர்வதில்லை. மூச்சு வாங்குவது, நிறுத்துவது, ப, த, க போன்ற வல்லினத்தில் குரல் அறுந்து போவது எல்லாம் கழிய வேண்டும். நிறுத்தாமல் வாசித்தாலும் ஏறக்குறைய பாதி நேரம்தான் அதிர்வு இருக்கும். எனவே 55-ல் பாதி, 27 அல்லது 28. (தமிழில் சொல்லின் நடுவே தனியாக வரும் வல்லினம் பெரும்பாலும் ஒலிப்போடுதான் வரும். 'படம்', 'பகல்' என்று சொல்லிக்கொண்டே கழுத்தைத் தொட்டுப் பாருங்கள், ட-விலும் க-விலும் அதிர்வு நிற்காது. 'பட்டம்', 'பக்கம்' என்றால் ஒரு கணம் நிற்கும்.)

80 அடையாளம் வைத்து எடுக்கும் கணக்கு நூற்றுக்குப் பத்துவரை முன்னே பின்னே போகும். ஒரு பீரியடை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஐந்து நாள், நாளுக்கு ஒரு பீரியட், வெவ்வேறு வகுப்பு என்று எடுத்தால்தான் எண்ணுக்கு மதிப்பு. பிள்ளைகள் குரல் பதிவில் இருக்குமாதலால், எண்ணி முடித்ததும் பதிவை அழித்துவிடுவது மரியாதை.

மருத்துவமனைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் இதற்காகக் கட்டும் கருவியில் பெரும்பாலும் மைக் இருக்காது. நெஞ்செலும்புக்கு மேலே கழுத்தில் இருக்கும் குழியை ஒட்டி ஒரு சிறு முடுக்கமானியை ஒட்டுகிறார்கள். அது தோலின் நடுக்கத்தை மட்டும் எடுக்கும். பக்கத்தில் யார் கத்தினாலும் பதிவாகாது, என்ன பேசினோம் என்பதும் அதிலிருந்து புரியாது. குரலை 50 மில்லிவிநாடித் துண்டுகளாக நறுக்கி ஒவ்வொரு துண்டிலும் அதிர்வு உண்டா, சுருதி என்ன, பலம் என்ன என்று எழுதிவைக்கும். பலத்தை டெசிபலாக்க (சத்தத்தை அளக்கும் அலகு) ஒரு ஒப்பீடு வேண்டும். வாய்க்கு முன்னால் குறித்த தூரத்தில் மைக் வைத்து, 'ஆ' என்று மெல்லத் தொடங்கி உரக்கப் போய், தோல் நடுக்கமும் சத்தமும் எப்படிச் சேர்ந்து ஏறுகின்றன என்று காலையிலேயே பார்த்துக்கொள்வார்கள். இதைச் செய்யாமல் விட்டால் அன்றைய டெசிபல் எண் எதற்கும் உதவாது.

கையில் சாமான் வைத்து நோண்டும் பழக்கம் உள்ளவர்கள் கிட்டாரில் ஒட்டும் பீஸோ வில்லையை (நடுக்கத்தை மின்சாரமாக்கும் சின்னத் தகடு) கொண்டு ஒன்று செய்து பார்க்கலாம். வரும் சிக்கல்களை முன்பே சொல்லிவிடுகிறேன். வில்லையை நேரே போன் மைக் துளையில் சொருகினால் ஒலி தகரம் மாதிரி மெலிந்து வரும். போனின் மின்தடை சில ஆயிரம் ஓம்தான், வில்லையின் மின்தேக்கம் 20 நானோஃபாரட் அளவில் இருக்கும். இரண்டும் சேர்ந்து நமக்கு வேண்டிய 100, 200 ஹெர்ட்ஸையெல்லாம் வெட்டிவிடும். நடுவில் 10 லட்சம் ஓம் உள்தடை கொண்ட சின்ன முன்பெருக்கி ஒன்று இருந்தால் சரியாகும். அடுத்த சிக்கல் வியர்வை. சித்திரை வெயிலில் சாதாரணப் பிளாஸ்திரி ஒரு மணி நேரம் தாங்காது. தோலை ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்டு, மருத்துவ இரட்டைப்பக்க டேப் போட்டு, மேலே ஒரு துண்டு டேப் குறுக்கே ஒட்ட வேண்டும். மூன்றாவது சிக்கல் தாலிச் சங்கிலி. நடக்கும்போது அது வில்லையில் தட்டும் ஒவ்வொரு தட்டும் பதிவில் ஊசியாக நிற்கும். சங்கிலியைப் புடவைக்குள் ஊக்கு போட்டு நிறுத்தினால் தீர்ந்தது.

சுருதி அளவுக்கு நம் ஊரில் ஒரு வசதி உண்டு, மற்ற ஊர்க்காரர்களுக்குக் கிடைக்காதது. தெருவுக்கு ஒரு சுருதிப் பெட்டி இருக்கும். அதில் சுருதியின் உயரத்தைக் கட்டை என்று எண்ணுகிறோம்: 1 கட்டை என்றால் 131 ஹெர்ட்ஸ், 5 கட்டை 196, 5½ கட்டை 208, 6 கட்டை 220. ஆண்களின் பேச்சுச் சுருதி 1 கட்டைக்குக் கீழே அல்லது அதை ஒட்டி, பெண்களின் பேச்சுச் சுருதி 5 கட்டையை ஒட்டி. கதை கேட்கும்போது 'உம்' கொட்டுவோமே, அந்த 'உம்'மைக் கொஞ்சம் நீட்டினால் அதுதான் உங்கள் இயல்பான பேச்சுச் சுருதி. காலையில் பள்ளிக்குப் போகுமுன் சுருதிப் பெட்டியோடு அல்லது போன் டியூனரோடு ஒத்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் மறுபடி. மேலே சொன்ன ஆய்விலும் பள்ளி நேரத்தில் சுருதி பொழுது போகப் போக ஏறியது. அரைக் கட்டை ஏறுவது என்பது ஏறக்குறைய 6 சதவீதம், சுற்றும் அதே அளவுக்குக் கூடும். நாள் தவறாமல் ஒரு கட்டை ஏறியே வீடு திரும்பினால் நீங்கள் தொண்டையை இறுக்கிப் பேசுகிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். மாறாக, சளி பிடித்து நாண் வீங்கிய அன்று சுருதி இறங்கும். இறங்குவதைக் கண்டு 'குரல் கனமா வந்திருக்கு' என்று சந்தோஷப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். அன்றைக்குத்தான் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும்.

சத்தத்தின் அளவு

மற்ற எல்லா அளவையும் விட எனக்கு முக்கியமாகப் படுவது உங்கள் குரலின் டெசிபல் இல்லை, நீங்கள் எதிர்த்துப் பேசும் இரைச்சலின் டெசிபல். எட்டியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-ல் ஒன்றைக் காட்டினார்: இரைச்சல் கூடினால் மனிதன் தன்னை அறியாமலே குரலை உயர்த்துவான். இரைச்சல் ஒரு டெசிபல் ஏறினால் குரல் சுமார் அரை டெசிபல் ஏறும் என்பது பிற்கால அளவுகளின் பொதுப் போக்கு. இதை மனத்திடத்தால் அடக்க முடியாது. 'மெதுவாப் பேசுங்க டீச்சர்' என்று அறிவுரை சொல்லி ஒரு பயனும் இல்லை. இரைச்சலைத்தான் குறைக்க வேண்டும்.

போனில் இலவசமாகக் கிடைக்கும் சத்தமானி ஆப் ஒன்று போதும். எண் உண்மையிலிருந்து சில டெசிபல் தள்ளி நிற்கலாம். ஆனால் அதே போன், அதே ஆப், அதே இடம் என்று வைத்துக்கொண்டால் ஒப்பிடுவதற்குச் சரியாக வரும். ஆப்பில் 'வெயிட்டிங்' என்று கேட்கும் இடத்தில் 'ஏ' (மனிதக் காது கேட்கும் விதத்தை ஒட்டிய அளவு) வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் இல்லாத வகுப்பில் மின்விசிறியை நிறுத்தி ஒரு தடவை, ஓடவிட்டு ஒரு தடவை, பிள்ளைகள் வாய் மூடி எழுதும்போது ஒரு தடவை. ஒவ்வொன்றும் ஒரு நிமிடச் சராசரி. காலி வகுப்புக்கு அமெரிக்கத் தரம் கேட்பது 35 டெசிபல். ஜன்னல் திறந்து, வெளியே சாலையும், மேலே பழைய விசிறியும், தகரக் கூரையும் உள்ள நம் வகுப்பறையில் அந்த எண்ணை எதிர்பார்க்க வேண்டாம். ஐப்பசி மழை தகரத்தில் விழும் நாளில் ஒரு அளவு எடுத்துப் பாருங்கள். அன்றைக்குப் பாடம் நடத்துவதே தண்டம் என்று தெரியும், எழுத்து வேலை கொடுத்துவிடலாம்.

இனி கணக்கு. பிள்ளைக்குச் சொல் தெளிவாக விழ ஆசிரியர் குரல் இரைச்சலை விட 15 டெசிபல் மேலே நிற்க வேண்டும். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் குரல் 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் சாதாரணப் பேச்சு 60 டெசிபல். 2 மீட்டரில் 54, 4 மீட்டரில் 48. அறைக்குள் சுவர் எதிரொலி கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும், இருந்தாலும் திசை இதுதான். விசிறியும் சாலையும் சேர்ந்து 50 டெசிபல் என்றால் கடைசி பெஞ்சுக்கு 65 போய்ச் சேர வேண்டும். அதற்கு வாயிலிருந்து ஒரு மீட்டரில் 75-க்கு மேல் வேண்டும். அதைப் பேச்சு என்று சொல்வதற்கில்லை, கூப்பாடு. அதை ஒரு நாளைக்கு 200 நிமிடம் செய்தால் நாண் என்ன ஆகும் என்று ஐஸ் தண்ணீரைக் கேட்க வேண்டியதில்லை.

கணக்கு தெரிந்தால் தீர்வும் தெரியும். விசிறியின் தாங்கியை மாற்றி எண்ணெய் போடுவது, பெஞ்சுகளை நீளவாக்கில் போடாமல் அகலவாக்கில் போட்டுக் கடைசி வரிசையை 4 மீட்டருக்குள் கொண்டுவருவது, கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசாமல் இருப்பது (முதுகைக் காட்டிப் பேசினால் குரலில் பாதி சுவருக்குப் போகும்), பெயர் சொல்லிக் கூப்பிடாமல் மேஜையைத் தட்டுவது. டவுன் பஸ் நடத்துநர் வாயில் வைத்திருக்கும் விசில் உலகத்தின் மிகச் சிறந்த குரல் பாதுகாப்புக் கருவிகளில் ஒன்று. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் இரண்டு கூவல்.

இடுப்பில் கட்டும் சிறிய ஒலிபெருக்கியைப் பற்றி ஆசிரியர்களுக்கு ஒரு கூச்சம் இருக்கிறது. விட்டுவிடலாம். 2002-ல் நெல்சன் ராய் குழுவினர் குரல் கெட்ட 44 ஆசிரியர்களைப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஒலிபெருக்கியும் ஒரு குழுவுக்குத் தண்ணீர் குடி, கத்தாதே போன்ற பராமரிப்பு அறிவுரையும் கொடுத்து, மூன்றாவது குழுவைச் சும்மா விட்டு ஆறு வாரம் பார்த்தார்கள். ஒலிபெருக்கிக் குழுவின் குரல் தேறியது. அறிவுரைக் குழுவில் சொல்லும்படியான முன்னேற்றம் இல்லை. ஆனால் கருவியைப் பயன்படுத்துவதில் தப்புகள் நடக்கும். மைக் வாயின் மூலையிலிருந்து இரண்டு மூன்று விரல் தூரத்தில் இருக்க வேண்டும், நேர் எதிரே இருந்தால் 'ப', 'ஃப' எல்லாம் இடியாக விழும். பெட்டியை மேஜையில் பிள்ளைகளைப் பார்த்து வைத்து அதற்குப் பின்னால் நில்லுங்கள், முன்னால் நின்றால் கீச்சிடும். எல்லாவற்றையும் விடப் பெரிய தப்பு, கருவியையும் மாட்டிக்கொண்டு பழைய பலத்திலேயே கத்துவது. முதல் வாரம் பாதிப் பேர் இதைச் செய்வார்கள். முன் பெஞ்சில் இருப்பவரோடு பேசும் குரலில் பேசிக்கொண்டு, கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்வரை பெட்டியின் சத்தத்தை ஏற்றுவதே முறை.

மேடையில் இதே விஷயம் வேறு உருவில் வரும். கூம்பு ஸ்பீக்கரையெல்லாம் தெருவைப் பார்த்துக் கட்டிவிடுகிறார்கள். பேசுபவருக்குத் தன் குரல் திரும்பக் கேட்பதில்லை. கேட்காத குரலை மனிதன் உயர்த்துவான், அது லொம்பார் சொன்னதன் மறுபக்கம். மைக் செட்காரரிடம் சொல்லி ஒரு சிறு பெட்டியை மேடையை நோக்கி வைக்கச் சொன்னால் தொண்டை தப்பும். கோஷ்டி கானமும் அப்படித்தான். திருவையாற்று ஆராதனையில் ஆயிரம் குரலுக்கு நடுவே உட்கார்ந்து பாடுகிறவருக்குத் தன் குரல் காதில் விழாது, விழாததால் இழுத்துப் பாடுவார், அன்று மாலைக் கச்சேரியில் மேல் சட்ஜமத்தில் காற்று கலக்கும். ஒரு காதைக் கையால் மூடிக்கொள்வது பழைய பாடகர்களின் வித்தை. நடிப்புக்காகச் செய்ததில்லை, அதற்கு ஒலியியல் காரணம் இருக்கிறது.

ஓதுவார்களுக்கு நேர்மாறான அனுகூலம் உண்டு. கருங்கல் மண்டபத்தின் எதிரொலி குரலைத் திருப்பிக் கொடுக்கிறது, அதனால் இயல்பாகவே குறைந்த பலத்தில் பாட முடிகிறது. அந்த மண்டபத்தில் மின்சார மேளம் ஓடும்போது மட்டும் கணக்கு தலைகீழ். மேளத்தை நிறுத்தச் சொல்ல முடியாவிட்டால் அது நிற்கும்வரை பாடாமல் இருப்பதே நல்லது.

தேய்மானமும் தேறுதலும்

இதுவரை சொன்னது செலவு. தாங்கியதா என்று பார்ப்பது தனி அளவு. அதற்கு நான் நம்புவது ஒரே ஒரு சோதனையை: மெல்லிய உச்சக் குரல். தாலாட்டில் உச்சத்துக்குப் போகும் ஏதாவது ஒரு அடியை எடுத்துக்கொண்டு, உங்கள் குரலின் மேல் எல்லையில், தூங்கும் குழந்தை விழிக்காத அளவு மெல்லப் பாடுங்கள். நாண் வீங்கியிருந்தால் அந்த மென்குரல் தொடங்கவே தாமதமாகும், முதலில் வெறும் காற்று வரும், அல்லது நடுவில் அறுந்து அறுந்து வரும். உரக்கப் பாடினால் இந்தக் குறை மறைந்துவிடும், ஏனென்றால் காற்றின் பலத்தில் வீங்கிய நாணும் அதிர்ந்துவிடும். அதனால்தான் பாடகர்கள் பலர் 'கச்சேரியில் சரியாத்தான் வருது' என்று மாதக்கணக்கில் ஏமாந்து போகிறார்கள். பாடத் தெரியாதவர்களும் இந்தச் சோதனையைச் செய்யலாம். ராகம் சரியாக இருக்க வேண்டியதில்லை, குரல் தயங்காமல் தொடங்குகிறதா என்பதுதான் கேள்வி.

காலை எழுந்து அரை மணி கழித்து ஒரு தடவை, வேலை முடிந்து ஒரு தடவை, படுக்கும் முன் ஒரு தடவை. கூடவே தொண்டையின் சிரமத்துக்குப் பூஜ்யம் முதல் பத்துவரை ஒரு மதிப்பெண். ஹன்டரும் டீட்சேயும் 2009-ல் 86 பேரை இரண்டு மணி நேரம் உரக்க வாசிக்க வைத்துப் பிறகு இரண்டு நாள் தொடர்ந்து பார்த்தார்கள். 4 முதல் 6 மணி நேரத்துக்குள் தேறுதல் பெரும்பகுதி வந்துவிட்டது. முழுசாகத் தேற 12 முதல் 18 மணி நேரம் ஆனது. பள்ளி நாலு மணிக்கு முடிந்தால் மறுநாள் ஒன்பதரைக்குப் பதினேழரை மணி நேரம். சாயங்காலம் ஆறிலிருந்து எட்டுவரை டியூஷன் எடுப்பவருக்கு அது பதிமூன்றரையாகச் சுருங்கிவிடுகிறது. திங்கள் மிச்சம் செவ்வாயோடு சேரும், செவ்வாய் மிச்சம் புதனோடு. வெள்ளிக்கிழமை தொண்டை கட்டுவது வெள்ளிக்கிழமை பேசியதால் இல்லை. உங்கள் நோட்டில் காலை மென்குரல் திங்களிலிருந்து வெள்ளிக்குள் மோசமாகிக்கொண்டே போய், ஞாயிறு மாலை சரியாகிறதா என்று பாருங்கள். ஞாயிறும் சரியாகவில்லை என்றால் அது களைப்பின் எல்லையைத் தாண்டிவிட்டது.

மூச்சடக்கி 'ஆ' என்று எத்தனை விநாடி இழுக்க முடிகிறது என்பதும் பழைய அளவு. மூன்று தடவை இழுத்து அதிகமானதை எடுக்க வேண்டும். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு 15 விநாடிக்கு மேல் வரும், பத்துக்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும். ஆனால் நாகஸ்வரம் வாசிப்பவருக்கும் நீச்சல் பழகியவருக்கும் நாண் கெட்டிருந்தாலும் 20 வரும். உங்களோடு உங்களையே ஒப்பிட மட்டும் இதைப் பயன்படுத்துங்கள்.

கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் 'பிராட்' என்ற இலவச மென்பொருளைப் பார்த்திருக்கலாம். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பவுல் போர்ஸ்மாவும் டேவிட் வீனிங்கும் எழுதியது. சுருதிக்கு இதைவிட நல்ல கருவி இலவசமாகக் கிடைப்பது அரிது. ஆணுக்கு 75 முதல் 300 ஹெர்ட்ஸ், பெண்ணுக்கு 100 முதல் 500 என்று எல்லையைத் திருத்திவிட்டுத் தொடங்க வேண்டும். கரகரப்பான குரலில் அது சில சமயம் சுருதியைச் சரிபாதியாகக் காட்டும், கோடு திடீரென்று ஒரு ஸ்தாயி இறங்கினால் நம்பாதீர்கள். ஜிட்டர், ஷிம்மர் (சுற்றுக்குச் சுற்று சுருதியிலும் பலத்திலும் வரும் ஆட்டம்) என்று அது தரும் சதவீதங்களை வகுப்பறைப் பதிவில் பார்ப்பது வீண், விசிறிச் சத்தமே அந்த எண்களைக் கெடுத்துவிடும். இன்னொன்று: வாட்ஸ்அப் குரல் செய்தியையோ புளூடூத் இயர்போன் பதிவையோ எந்த அளவுக்கும் பயன்படுத்தாதீர்கள். ஒன்று ஒலியை நசுக்குகிறது, மற்றது போன் பேசும் நிலையில் உயர் ஒலியை வெட்டுகிறது. போன்கள் பல, மெல்லிய குரலைத் தானே ஏற்றி உரத்த குரலைத் தானே இறக்கிவிடும். சத்தம் கூடியதா குறைந்ததா என்ற கேள்விக்கு அந்தப் பதிவு பொய் சொல்லும்.

பாட்டி வைத்தியம் பற்றிக் கேட்பார்கள் என்று தெரியும். விழுங்கும் எதுவும் குரல் நாணைத் தொடாது. உணவுக்குழாய் பின்னால், மூச்சுக்குழாய் முன்னால். ஐஸ் தண்ணீருக்கும் இதே நியாயம், சுக்குக் காப்பிக்கும் இதே நியாயம். பனங்கற்கண்டும் அதிமதுரமும் தொண்டையின் எரிச்சலை அடக்கும், நாண் வீக்கத்தை இறக்காது. தண்ணீர் ரத்தத்தின் வழியாகப் போய்த்தான் நாணை ஈரமாக்குகிறது, ஆகவே பேசும்போது மடக்கு மடக்காகக் குடிப்பதை விட முந்தின நாளிலிருந்தே குறையாமல் குடித்திருப்பது முக்கியம். நேரே போய்த் தொடுவது ஆவி ஒன்றுதான், அதுவும் தைலம் போடாத வெறும் ஆவி. செருமுவது நாணை அறையோடு அறைவது. கொஞ்சம் தண்ணீர் குடித்து விழுங்கினால் பாதிச் செருமல் நின்றுவிடும். தொண்டையை அழுத்திக் கிசுகிசுப்பதும் ஓய்வில்லை. தை, மாசியில் அறுவடை இயந்திரம் ஓடும் வயலோரத்தில் நின்று ஆட்களைக் கூவிக் கூப்பிடுவது தூசும் கூச்சலும் சேர்ந்த இரட்டைச் சுமை. கைபேசி எல்லார் மடியிலும் இருக்கிறது, அதில் கூப்பிடலாம்.

கும்பகோணம் வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்கள், பீடி சிகரெட் பிடிக்கிறவர்கள் குரல் மாறினால் நாள் எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது. கழுத்தில் கட்டி, மூச்சு வாங்குவதில் சத்தம், விழுங்குவதில் வலி, எச்சிலில் ரத்தம், இவையெல்லாம் அன்றே போக வேண்டிய காரணங்கள். கத்திக்கொண்டிருக்கும்போதே சட்டென்று குரல் போய்விட்டால் நாணுக்குள் ரத்தக் கசிவாக இருக்கலாம். ஒரு வார்த்தை பேசாமல், ஆஸ்பிரின் எதுவும் போடாமல் மருத்துவரிடம் போங்கள். சாதாரணக் கம்மலுக்கு அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் 2018 வழிகாட்டி நாலு வாரம் என்கிறது, அதைத் தாண்டினால் குரல்வளையைப் பார்க்காமல் மருந்து மட்டும் கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. குரலால் பிழைப்பவர்கள் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டியதில்லை என்பதும் அதிலேயே உண்டு.

தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையானாலும் தனியார் காது மூக்கு தொண்டை மருத்துவரானாலும், போகும்போது இரண்டு வார நோட்டை எடுத்துப் போங்கள்: தேதி, பேசிய சதவீதம், இரைச்சல் டெசிபல், காலை மாலைச் சுருதி, மென்குரல் வந்ததா இல்லையா, சிரம மதிப்பெண். போவதற்கு முன் போன் செய்து ஸ்ட்ரோபோஸ்கோப்பி இருக்கிறதா என்று கேட்டுவிடுவது நல்லது. சாதாரண விளக்கில் நாணின் நிறமும் கட்டியும் தெரியும், விநாடிக்கு 200 தடவை அசைவது வெறும் மங்கலாகத்தான் தெரியும். விட்டு விட்டு ஒளிரும் அந்த விளக்கில் அசைவு மெதுவாகத் தெரியும், காய்ப்பு இருக்கும் இடம் மட்டும் ஒட்டி, அதற்கு முன்னும் பின்னும் நாண் மணல் கடிகாரம் போல இடைவெளி விடுவது அதில்தான் பிடிபடும். பார்க்கும் நாளில் காலையிலேயே போகாமல், முடிந்தால் வகுப்பெடுத்துவிட்டு மாலையில் போங்கள். ஓய்வெடுத்த நாண் சிறு வீக்கத்தைக் காட்டாது.